ஐம்பது மீட்டர் பாவு

(பல்லடத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எந்தப் பெரியவரின் நினைவாக நாம் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் எட்டுத் தறியில் தொழிலைத் தொடங்கியவர். கூலி நெசவில் வந்த காசில் ஒரு பங்கை, ஆண்டுக்கொரு நல்ல பேச்சு நம் ஊரில் நடக்கட்டும் என்று எழுதிவைத்தார். தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்த ஒருவருக்கு, சத்தம் நின்ற இடத்தில் நாலு பேர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவருக்கு என் முதல் வணக்கம்.

நம் வட்டாரத்தில் புதிதாக ஒன்றைப் படைத்துத் தொழில் செய்ய வருகிறவர்களை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் தறிக்குடோன் வீட்டுப் பிள்ளை. பனியன் கம்பெனிகளின் சேம்பிள் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது பிள்ளைகளுக்குத் துணி வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த துணியிலிருந்தே தொடங்குகிறேன்.

1. ஒரு சின்னக் கேள்வி

என்னிடம் படித்த ஒரு பெண், படிப்பு முடிந்ததும் மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போகவில்லை. மார்கழி வாசலில் அவள் பாட்டி போடும் புள்ளிக் கோலங்களை நோட்டில் எழுதிவைத்திருந்தாள். அந்தக் கணக்கைக் கட்டமாகவும் கோடாகவும் துணியில் கொண்டுவந்து பை, மேசை விரிப்பு, மேல்துண்டு செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அவளுக்கு வேண்டியிருந்தது ஐம்பது மீட்டர் துணி.

பல்லடத்திலும் சோமனூர்ப் பக்கமும் அவள் ஏறி இறங்காத குடோன் இல்லை. யாரும் அவளை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. மோர் கொடுத்து உட்கார வைத்துத்தான் பேசினார்கள். ஆனால் பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். "ஐம்பது மீட்டருக்குப் பாவு எப்படிங்க போடுறது?"

அவர்கள் சொன்னது பொய்யில்லை. தறியில் நெடுக்காக ஓடும் நூலான பாவு, கஞ்சி போடும் சைசிங்கில் பல நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் என்ற கணக்கில்தான் ஓடும். பாவு மாற்றுவதென்றால் தறி நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்க வேண்டும். மீட்டருக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்குகிறவருக்குத் தறி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கைநட்டம். நாளெல்லாம் லட்சக்கணக்கான மீட்டர் சாயம் போடாத காடாத் துணி நெய்கிற நம் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு ஐம்பது மீட்டர் துணி கிடைக்கவில்லை. நான் இன்று சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒரு சங்கதிக்குள் அடங்கிவிடும். இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. சிறிய அளவில் செய்துபார்க்க இடமில்லை.

2. பெரிதாக வளர்ந்த கதை

ஒரு காலத்தில் திருப்பூரே பல்லடம் தாலுகாவுக்குள் இருந்த ஊர். அகில இந்திய நூற்போர் சங்கம் 1925இல் தொடங்கிய பிறகு, அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரை மையமாக வைத்து இயங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த கதரும் அங்கே வந்து சேர்ந்தன. பின்னலாடை இயந்திரமும் அந்தக் காலத்தில்தான் ஊருக்குள் வந்தது. அரை நூற்றாண்டு வெள்ளைப் பனியன் செய்தோம். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வழியாக வந்து சேர்ந்ததைத்தான் ஏற்றுமதியின் தொடக்கம் என்று திருப்பூரில் சொல்வார்கள். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் பிறந்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை வெளிநாடு போகிறது.

இந்த வளர்ச்சியை நான் குறைத்துப் பேசமாட்டேன். என் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் அது எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். வடிவம் வெளியிலிருந்து வரும். நிறம், அளவு, தையல், லேபிள் ஒட்டும் இடம்வரை காகிதத்தில் வரும். நாம் செய்து அனுப்புவோம். அதற்கேற்பத்தான் நம் இயந்திரங்களும் கணக்கும் பேச்சும் அமைந்தன.

ஆனாலும் சேம்பிள் பிரிவுக்குள் நடப்பது வேறு. வந்த படத்தில் தோள்பட்டை சரியாக விழாது. பேட்டர்ன் மாஸ்டர் காகிதத்தைத் திருப்பிப் போட்டு அரை அங்குலம் மாற்றுவார். சேம்பிள் டெய்லர் கழுத்துப் பட்டியை வேறு விதமாக மடித்துக் காட்டுவார். அந்த மாற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையர் ஆர்டர் கொடுப்பார். நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி எத்தனையோ உடைகள் கடல் கடந்து போயின. எதிலும் அந்த மாஸ்டர்களின் பெயர் இல்லை. படைப்பு என்ற சொல்லை அவர்கள் பக்கத்தில் வைத்து யாரும் பேசியதும் இல்லை. படைப்பாளிகளை நாம் வெளியில் தேட வேண்டியதே இல்லை. நாற்பது வருடமாகச் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள்.

விசைத்தறியின் கதை இன்னும் கடினம். பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையது. தறியும் உழைப்பும் நம்முடையது. கிடைப்பது கூலி. 2021 நவம்பரில் கூலி உயர்வுக்கு ஒப்பந்தம் ஏற்பட்டது. அது நடைமுறைக்கு வராமல் 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரகம் எல்லோரிடமும் ஒன்றாக இருந்தால் விலையை நிர்ணயிக்கிறவர் வாங்குகிறவராகத்தான் இருப்பார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் ஒரே வாரத்தில் கலங்கிப்போனதற்கும் இதுதான் அடி. அடுத்தவர் வடிவத்தைச் செய்கிற ஊரை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவது எளிது.

3. பாவு அவருடையது, ஊடை அவளுடையது

அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். கடைசியில் அவளுக்கு வழி சொன்னவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தறிக்காரர். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அம்மிணி, உனக்குப் பாவு புதுசாத்தான் வேணுமா?"

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஓடிக்கொண்டிருந்த தறியைக் காட்டினார். "இது வெள்ளைக் காடாப் பாவு. முடியறதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்குது கண்ணு. கடைசியில ஐம்பது மீட்டரு நானே நூல்காரருகிட்டச் சொல்லி வாங்கிக்கறேன். ஊடை நீ கொண்டுவா. எந்தக் கலர்ல எத்தனை இழை விடணும்னு எழுதிக் கொடு. கோடு அடிச்சுப் போடலாம்."

துணி தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பாவை மாற்றத்தான் செலவு. ஊடையை மாற்றுவது நாடாவில் தாரை மாற்றுகிற வேலை. ஒரே வெள்ளைப் பாவில் ஊடையின் நிறத்தையும் பருமனையும் இடைவெளியையும் மாற்றினால் பத்து விதமான துணி வரும்.

அடுத்த சிக்கல் நிறம். 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நொய்யல் பட்ட பாட்டுக்கு அது தேவையான தீர்ப்பு. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு கட்டாயமாகவும் செலவுள்ளதாகவும் ஆனது. ஐந்து கிலோ நூலுக்குச் சாயம் போடச் சொன்னால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

அதற்கும் பதில் நம் ஊரிலேயே இருந்தது. பனியன் கட்டிங் வேஸ்ட்டை நிறவாரியாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, ஓஇ (ஓப்பன் எண்ட்) மில்லில் நூலாக்குகிறார்கள். நீலத் துணியிலிருந்து நீல நூல், சிவப்பிலிருந்து சிவப்பு. புதிதாகச் சாயமே வேண்டாம். அந்த நூலில் ஆறு கோன் வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்சம் முரடான நூல்தான். ஆனால் அந்த முரடே காடாவின் மேல் கோலப்பொடி விழுந்த மாதிரி தெரிந்தது. ஐம்பது மீட்டர் வந்தது. பையாகவும் விரிப்பாகவும் தைத்து விற்றாள். அடுத்த முறை இருநூறு மீட்டர் கேட்டாள்.

இதற்கு அரசுத் திட்டமோ வெளிநாட்டு நிதியோ தேவைப்படவில்லை. பாவு முடியும் இடத்தில் ஐம்பது மீட்டர் விட்டுக்கொடுக்க ஒருவர் மனசு வைத்தார். ஆனால் ஒருவர் மனசு வைத்ததால் நடந்த காரியத்தை ஊர் வழக்கமாக மாற்றாவிட்டால் அது அதிர்ஷ்டமாகத்தான் நிற்கும்.

4. பிராட்டோ என்ற ஊர்

இத்தாலியில் பிளாரன்ஸுக்குப் பக்கத்தில் பிராட்டோ என்று ஒரு ஊர். நம்மைப் போலவே சின்னச் சின்னப் பட்டறைகள் சேர்ந்து துணி செய்கிற ஊர். நம் ஓஇ மில்களைப் போலவே பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கித்தான் அது வளர்ந்தது. ஒரு காலத்தில் கந்தல் ஊர் என்று கேலி பேசப்பட்ட இடம். இன்று அந்த மறுசுழற்சிக் கம்பளிக்கு அந்த ஊர் வணிகக் கழகமே ஒரு முத்திரை வைத்திருக்கிறது. நம்மிடமும் அதே வேலை நடக்கிறது. நாம் அதை இன்னும் வேஸ்ட் என்றுதான் கூப்பிடுகிறோம்.

பிராட்டோவில் இரண்டு காரியங்கள் கவனிக்க வேண்டியவை. முதலாவது, இம்பன்னத்தோரே என்று அவர்கள் சொல்லும் ஆள். அவருக்குச் சொந்தமாகப் பெரிய ஆலை இருக்காது. எந்தத் துணி செய்யலாம் என்று யோசிப்பார், மாதிரி செய்வார், நூற்பவர், நெய்பவர், சாயம் போடுபவர் என்று பல பட்டறைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பார், விற்பார். கற்பனையும் கணக்கும் சேர்ந்த ஆள். நம் மெர்ச்சண்டைசர்களில் பாதிப் பேருக்கு அந்தத் திறமை உண்டு. வடிவம் மட்டும் பையருடையதாக இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை.

இரண்டாவது, அங்கே 1975இல் தொடங்கிய துணி அருங்காட்சியகம். ஊரின் தொழிற்பள்ளிக்குள் மாணவர்கள் பார்த்துப் படிக்கத் துணி மாதிரிகளைச் சேர்த்ததில் தொடங்கியது. 2003இல் ஒரு பழைய துணி ஆலைக் கட்டடத்துக்கே மாறியது. ஒரு பிள்ளை அங்கே போய்த் தன் ஊர் முன்னர் நெய்த துணிகளைப் பார்த்துவிட்டு வரலாம். பல்லடத்தில் எழுபது வருடத்துக்கு முன் நெய்த ஒரு துண்டை இன்று எங்கே போய்ப் பார்ப்பது? எத்தனை அச்சு, எத்தனை பிக், எந்த நம்பர் நூல் என்று எந்த நோட்டிலாவது இருக்கிறதா? என் அப்பா நெய்த ரகங்களில் ஒரு சாண்கூட என் வீட்டில் இல்லை. அதை நினைத்து நான் வருந்தாத நாள் இல்லை. முன்னால் செய்ததைப் பார்க்க முடியாத பிள்ளை, போனில் வரும் படத்தைத்தான் பார்க்கும். அப்புறம் அதையேதான் வரையும்.

5. ஐம்பதுக்கு மேல்

கோலத் துணிப் பெண்ணுக்கு ஒரு வருடம் கழித்து ஒரு அடி விழுந்தது. அவள் கோட்டமைப்பு அப்படியே அச்சடித்த துணியாக, பாதி விலைக்கு ஒரு கடையில் தொங்கியது. கேட்டதற்கு, "உன் பேரு எங்கேயாவது எழுதியிருக்குதா?" என்றார்கள். அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். நான் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப்போனேன். அங்கே நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டதை இங்கே இருக்கிற ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படம் வரைந்தால் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். துணிக்கும் பொருளுக்கும் போடுகிற வடிவத்துக்கு அது முழுவதும் பொருந்தாது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் செய்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அவள் ஐம்பத்தோராவது பையைத் தைத்த நாளில் அவளுக்கே தெரியாமல் அந்த வேலி விழுந்துவிட்டது.

வழி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தால் பத்து ஆண்டுக்கு உரிமை, மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். தனி ஆளுக்கும் சிறு நிறுவனத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். கண்காட்சியில் தொங்கவிட்டு, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் புதியது என்று சொல்ல முடியாமல் போகலாம். அதனால் முதலில் பதிவு, பிறகு விற்பனை.

உரிமை என்று பேசும்போது நம் பக்கத்துக் கடமையையும் சொல்ல வேண்டும். நெகமம் காட்டன் சேலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இங்கிருந்து பஸ் ஏறினால் போய்ச்சேரும் தூரத்தில் அதைக் கைத்தறியில் நெய்கிறார்கள். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே வைத்திருக்கிறது. விசைத்தறியில் அவற்றைப் போட்டு விற்பது, அந்தப் பெண்ணுக்கு அந்தக் கடை செய்த அதே காரியம். நம் பிள்ளையின் கோலத்துக்குக் காவல் கேட்கிற நாம், நெகமத்துக் கரைக்கும் காவலாக இருக்க வேண்டும்.

6. காசு வந்து சேரும் நாள்

புதிதாகத் தொடங்கியவர்கள் விழுவது பெரும்பாலும் கடன் கிடைக்காததால் அல்ல, விற்ற பொருளுக்குக் காசு வராததால். பெரிய கம்பெனிக்கு மூன்று மாதம் பொறுக்க முடியும். ஒரு தையல் மிஷினோடு தொடங்கியவருக்கு ஒரு தீபாவளி தாண்டுவதே பாடு.

2006ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, அரசின் உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023இல் வருமான வரிச் சட்டத்தில் வந்த திருத்தம், அந்தக் கெடுவுக்குள் தராத தொகையைத் தந்த பிறகுதான் செலவாகக் கழிக்க முடியும் என்று ஆக்கியது. வடிவமைப்பாளரும் சேவை நிறுவனமாகப் பதியலாம். பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். இந்த அவையில் இருக்கிற முதலாளிகளிடம் இன்னொன்றும் கேட்கிறேன். சட்டம் 45 நாள் தந்தாலும், சின்னப் பிள்ளைகளின் பில்லைக் கையோடு தீர்த்துவிடுங்கள். அதைவிடப் பெரிய உதவித்தொகை எதுவும் இல்லை.

கடனுக்கும் வழிகள் உண்டு. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 25 கைத்தொழில்களுக்கு மூன்று லட்சம் ரூபாய்வரை கடன் ஏற்பாடும் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது. 1997இல் தொடங்கிய திருப்பூர் நிஃப்ட்-டீ கல்லூரியில் ஜவுளிக்கென்றே ஒரு தொழில் வளர்ப்பகம் இருக்கிறது. பல்லடத்துப் பிள்ளைகள் அந்தப் படியேறிக் கேட்க வேண்டும்.

7. துணிக்கு வெளியே

நம் வட்டாரத்தின் படைப்பு துணியோடு முடிவதில்லை. திருமுருகன்பூண்டியில் சாலையோரம் உளிச் சத்தம் கேட்டபடியே நாம் பஸ்ஸில் போகிறோம். எத்தனையோ ஊர்க் கோயில்களுக்கு அங்கேயிருந்து சிலைகள் போகின்றன. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி மறுபடி எழுந்திருக்கிறது. அதைப் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்த பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் இறங்கி ஆடும்போது, அந்தச் சேலையை யார் நெய்தார்கள் என்று நான் ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். நம் கும்மிக்கு நம் தறியில், நம் பிள்ளை போட்ட வடிவத்தில் ஒரு சேலை ஏன் இருக்கக்கூடாது? வட்டாரப் பொருளாதாரம் என்று நான் நினைப்பது இதைத்தான். ஒருவர் கலை இன்னொருவர் தொழிலுக்கு வேலை கொடுக்க வேண்டும்.

8. என் வேண்டுகோள்

முதலாவது, பல்லடத்தில் ஒரு துணி ஏடு தொடங்குவோம். ஒவ்வொரு குடோனிலிருந்தும் ஓடுகிற ரகத்தில் ஒரு முழம். அதோடு அச்சு, பிக், நூல் நம்பர், நெய்தவர் பெயர். பழைய பீரோக்களில் இருக்கிற பாட்டிகளின் சேலைத் துண்டுகளும் வரட்டும். ஒரு நூலகத்தில் ஒரு அலமாரி போதும். பிராட்டோவும் ஒரு பள்ளிக்கூடத்து அறையில்தான் தொடங்கியது.

இரண்டாவது, சேம்பிள் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற மாஸ்டர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்கு உட்காரட்டும். அவர்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாவது, நான் இங்கே வந்ததன் காரணம். உங்கள் பாவு முடியும்போது கடைசி ஐம்பது மீட்டரை நூல்காரரிடம் கேட்டு வாங்கி, ஊடை கொண்டுவருகிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். மாதத்துக்கு ஒரு தறி போதும். கூலியை வாங்கிக்கொள்ளுங்கள், இனாமாக வேண்டாம். இனாமாகக் கிடைத்த துணியில் யாரும் தொழில் கற்றுக்கொள்வதில்லை. பெயரை மட்டும் அந்தப் பிள்ளை பெயராக விடுங்கள். நெய்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அந்தப் பெண் இன்று தன் பைகளில் இரண்டு பெயரையும் போட்டுத்தான் விற்கிறாள். கீழே இருப்பது அந்தப் பெரியவர் பெயர். எழுபது வயதுக்கு மேல், தான் நெய்த துணியில் முதல் முறையாகத் தன் பெயரைப் பார்த்தவர், அந்தப் பையை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறார்.

வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் பெயர், குடோன் இருக்கும் இடம், இப்போது தறியில் என்ன பாவு, எந்தத் தேதியில் முடியும் என்று எழுதிவிட்டுப் போங்கள். மாணவர்கள் நாளைக் காலையிலேயே வந்து அந்த நோட்டைப் பார்ப்பார்கள். முதல் வரியில் என் தம்பி தறியை எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பாவு முடிகிறது.